பகிடி அப்பு

பகிடி அப்பு மேடையில் நின்ற காலம் முழுவதும் நான் ஒரு நாள்கூட அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஆனாலும் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் அவருக்கு என்னைப் போல இன்னொரு ரசிகை இருந்திருக்க முடியாது. மற்றவர்கள் சிரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்கள், பக்கத்தில் இருப்பவரைத் தட்டினார்கள், கண்ணீரைத் துடைத்தார்கள். நான் ஒன்றும் செய்யாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவில் நாடக மேடையிலும் பிறகு படங்களிலுமாக வாழ்நாள் முழுவதும் ஆட்களைச் சிரிக்கவைத்தவர். அங்கே அவர் தெருவில் இறங்கி நடந்தால் பஸ்கள் நின்றுவிடுமாம். மனைவி இறந்த பிறகு, எங்கள் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்த ஒரே மகள் அவரை ஜெர்மனிக்குக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். இங்கே அவருக்காக எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. ஒல்லியான, பெரிய காது உள்ள, குளிர்தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எங்கள் பக்கத்தில் வேடிக்கையைப் பகிடி என்போம், வயதானவரை அப்பு என்போம். யாரோ ஒருவர் ‘பகிடி அப்பு’ என்றார், அதுவே நின்றுவிட்டது.

நாங்கள் இலங்கையிலிருந்து எண்பத்தைந்தின் கடைசியில் வந்தோம். நாங்கள் என்றால் அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள், நான். அகதிகளை வைத்திருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், ஒரு வகுப்பறையைப் பலகையால் இரண்டாக மறித்து, அதில் ஒரு பாதியை எங்களுக்குத் தந்திருந்தார்கள். அந்தப் பாதியிலும் ஒரு திரை கட்டி, திரைக்கு இந்தப் பக்கம் என்னுடைய கட்டில். என் கணவர் மன்னாரில் கூட்டுறவுக் கடையில் மனேஜர். எண்பத்துநாலில் ஒரு காலை, அவர் வேலைக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து, ஆண்களை இறக்கிக் கொண்டுபோனார்கள். அவரும் அதில் ஒருவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

வந்த புதிதில், பொதுக்குசினியில் அக்காவின் சின்னவள் ஏதோ சொன்னதற்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த அடுப்பில் நின்ற பெண் தன் தோழியிடம், “அவளுக்கென்ன, சிரிக்கிறாள்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பு வந்தால் பயமும் கூடவே வந்தது. கொஞ்சக் காலத்தில் சிரிப்பு வருவதே நின்றுபோனது.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சுவாமியார் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தை வெளிநாட்டுக்காரருக்குத் திறந்துவிடுவார். முதலில் பிலிப்பைன்ஸ் தாதிமார், பிறகு தமிழர் என்றுதான் நேரம் ஒதுக்கினார். ஆனால் இரண்டு கூட்டமும் சேர்ந்துவிட்டதற்குக் காரணம் கருவாடு. நான் மண்டபத்துக் குசினியில் மன்னாரிலிருந்து யாரோ கொண்டுவந்த கருவாட்டைப் பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. குளிர்தொப்பி போட்ட கிழவர் மூக்கை நீட்டிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்தவர்போல உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்து, ஊர்க்காரரைக் கண்டவர்போலச் சட்டிக்கு வணக்கம் வைத்தார். பின்னால் வந்த தாதிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவருக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் தின்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். தின்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தார். இந்த முகம் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன்.

அதோடு நான் அகப்பட்டேன். மகள் பிறகு ஒரு நாள், பாதி ஜெர்மனும் பாதி ஆங்கிலமுமாக எனக்குச் சொன்னாள்: “அப்பாவுக்கு இது ஒரு வியாதி. அரங்கு முழுக்கச் சிரிக்கும். சிரிக்காத ஒருவர் எங்கேயாவது இருப்பார். அப்பாவின் கண் அவரிடம் போய் நின்றுவிடும். மிச்சப் பேரை மறந்துவிடுவார். கொட்டகை முதலாளிகள் எல்லாரும் இதைச் சொல்லித் திட்டுவார்கள்.” இளவயதில் ஒரு முறை, முன்வரிசையில் ஒருவர் கல்லுப்போல உட்கார்ந்திருந்தாராம். அப்பு தனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொல்லிக் களைத்துப்போனார். கடைசியில் விசாரித்தால், அவர் அன்றுதான் கப்பலில் வந்து இறங்கிய சீனச் சமையல்காரர், அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அடுத்த நாள் முதல் அப்பு பேச்சில்லாமல் சிரிக்கவைக்கப் பழகத் தொடங்கினார். அந்தச் சீனரைச் சிரிக்கவைத்தாரா என்று கேட்டேன். “மாதக்கணக்காயிற்று. ஆனால் சிரிக்கவைத்தார்” என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்காக விளையாடினார். மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுதான் மேடை. விரியாத குடையோடு சண்டை பிடிப்பார். குடை விரிந்ததும் மழை நின்றுவிட்டதைப் பார்த்துக் கோபப்படுவார். இல்லாத மீனை இல்லாத தட்டில் வைத்து முள் எடுத்துத் தின்பார். தொண்டையில் முள் சிக்கும். அதை மறைத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் பெரிய மனிதரோடு மரியாதையாகப் பேச்சுக்கொடுப்பார். எங்கள் ஆட்கள் கதிரையிலிருந்து சரிவார்கள். அவர் எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கடைசியில் குசினி வாசலில் நிற்கும் என்னைத்தான் பார்ப்பார். நான் கோப்பை துடைத்துக்கொண்டிருப்பேன். விளையாட்டு முடிந்ததும் குசினிக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு நின்று தானும் கோப்பை துடைப்பார். போகும்போது ஒரு விரலை உயர்த்தி, “நெக்ஸ்ட் சண்டே” என்பார். தோற்றுப்போன ஆளின் குரல் அதில் இருக்காது. கடைக்காரர் நாளைக்குப் பால் வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. “சனம் பாக்குதடி” என்றாள். “அந்தக் கிழவன் உன்னைப் பாத்துத்தான் ஆடுது.”

“ஆடட்டுமக்கா. நான் சிரிக்கேல்லைத்தானே.”

“அதுதான் எல்லாருக்கும் தெரியுதே” என்றாள் அக்கா.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவரை ஒரு முறை கண்டேன். நாங்கள் விசாவை நீட்டப் போயிருந்தோம். அவரும் மகளோடு அதற்குத்தான் வந்திருந்தார். அந்த நடைபாதையில் இருந்த பயம் உங்களுக்குச் சொன்னால் விளங்காது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எல்லாருடைய தலையும் நிமிரும், பிறகு குனியும். துருக்கிக்காரர், லெபனான்காரர், நாங்கள், எல்லோரும் அப்படியே. அப்பு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோருக்கும் முன்னால் துள்ளி எழுந்து, கோட்டைத் தட்டி, தலையைச் சீவி, தன்னை இல்லை என்று தெரிந்ததும் செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்து உட்கார்ந்தார். சீவிய தலையைக்கூட மறுபடி கலைத்துவிட்டார். மூன்றாம் தடவை நடைபாதையே சிரித்தது. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வெளியே வந்து, இங்கே அமைதியாக இருக்க வேண்டும் என்றார். அப்பு எழுந்து, மிக அமைதியாக, அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அதிகாரி உள்ளே போனார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். மகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பு என் பக்கம் திரும்பினார். நான் அத்தானுடைய கடதாசிகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர் விரலை உயர்த்தினார்.

உண்மையில் அப்போது எனக்கு உள்ளே ஏதோ அசைந்தது. அதை வெளியே விடத்தான் துணிவில்லை.

எண்பத்தாறில் நத்தார், இயேசு பிறப்பு விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. அப்பு கதிரையில் ஏறி விளக்குப் பொருத்தும் ஆளாக வந்தார். எத்தனையோ முறை பார்த்த விளையாட்டு. கையில் இருக்கும் விளக்கைத் தேடுவார், கதிரை ஆடும், கடைசியில் விழுவார். அவர் விழுவதைச் சிரிக்காமல் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. விழுவதற்கு முன்னால் கண்ணால் ஒரு தரம் தரையைப் பார்த்துக்கொள்வார். இமைக்கும் நேரம்தான். சிரிப்பவர்களுக்கு அது தெரியாது.

அன்று அவர் தரையைப் பார்க்கவில்லை.

கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. கைதட்டினார்கள். நான் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். “சிரியாதேங்கோ, சிரியாதேங்கோ” என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அதற்கும் சிலர் சிரித்தார்கள். நானும் விளையாட்டில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. மகள் கேக் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தவுடன் கத்தியைப் போட்டுவிட்டு வந்தாள். மிச்சம் எல்லாம் அவளுக்குத் தெரியும், அவள் தாதி. அம்புலன்ஸ் வரும்வரை எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

உயிர் தப்பினார். பாரிசவாதத்தில் வலப்பக்கம் போய்விட்டது. முகத்தில் பாதி அசையவில்லை. ஆங்கிலம் முழுதாகப் போனது, தாய்மொழியும் குழறியது. மகள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே பகலில் நான் போய் இருக்கிறேன் என்றேன். அக்கா தடுக்கவில்லை. மண்டபத்தில் நான் ஓடியதை அவளும் பார்த்திருந்தாள்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. யன்னலில் பார்த்தால் சுரங்கத்தின் இரும்புக் கோபுரமும் அதன் சக்கரமும் தெரியும். அவரைச் சாய்கதிரையில் இருத்தி, கஞ்சி பருக்குவேன். நான் அவரோடு தமிழில்தான் பேசினேன். “அப்பு, ஒரு வாய். இதை ஒருக்கா விழுங்குங்கோ. உங்கட மகள் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?” அவர் தன் பாஷையில் ஏதோ சொல்வார். அவர் சொன்னது எனக்கும், நான் சொன்னது அவருக்கும் விளங்கியதில்லை. ஆனாலும் எங்களுக்குள் சண்டைகூட வந்திருக்கிறது.

ஒரு நாள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, எழுந்து நின்று, அவருடைய மீன்முள் விளையாட்டைச் செய்து காட்டினேன். தொண்டையில் முள் சிக்கிய இடத்தில் அவர் நல்ல கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தலையை ஆட்டினார். பிழை. கையை மெல்ல, மிக மெல்ல இறக்கிக் காட்டினார். நான் அவசரப்படுகிறேன் என்று சொல்கிறார். திருப்பிச் செய்தேன். மறுபடி நிறுத்தினார். இவ்வளவு மோசமாக ஒருத்தி தன் விளையாட்டைச் செய்வதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, கடைசியில் கஞ்சியைக் குடித்துவிட்டார்.

அந்த நோயில் இன்னொரு கொடுமை இருந்தது. அவருக்கு அழுகை வரும் இடத்தில் சிரிப்பு வந்தது. முதல் தடவை, மகள் தாயின் படத்தைத் துடைத்து மேசையில் வைத்தபோது அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தார். மகள் என்னைக் குசினிக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்: “டாக்டர் சொல்லியிருக்கிறார். மூளையில் அந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது. உள்ளே அழுகிறார், வெளியே அப்படி வருகிறது. நீ தப்பாக நினைக்காதே.” சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அடுத்த வருடம் கோடையில், எங்கள் கட்டடத்துக்கு மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு பெடியன் புதிதாக வந்தான். அத்தானோடு கதைத்துக்கொண்டிருந்தவன், சுவரில் இருந்த என் கணவருடைய படத்தைக் கண்டு பேச்சை நிறுத்தினான்.

“இந்த அண்ணையோட ஒரே இடத்திலதான் என்னையும் வைச்சிருந்தவங்கள்” என்றான்.

நான் திரைக்குப் பின்னால் இருந்து வந்தேன். “இப்ப எங்க இருக்கிறார்?”

அவன் அத்தானைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். “அக்கா, அவருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து ஒண்டும் தரேல்லை. என்ர மடியிலதான் தலை வைச்சிருந்தவர். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்.”

“எப்ப?”

“கொண்டுவந்த முதல் மாரியிலயே, அக்கா.”

அப்படியென்றால் நான் விமானம் ஏறும்போதே அவர் இல்லை. இங்கே வந்து நான் காத்திருந்த காலமெல்லாம் அவர் இல்லை. அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மற்ற அறைகளிலிருந்து பெண்கள் வந்து கூடினார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பைப் பூட்டி வைத்தபோது அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன்போல.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு உடுப்பை மாற்றினேன்.

“இண்டைக்கும் போறியோ?” என்றாள் அக்கா.

“அப்புவுக்குச் சாப்பாடு குடுக்க வேணும்.”

“நீ ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கேல்லை.”

“வந்து குடிக்கிறன்.”

கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். முதல் நாள் குசினியில் கருவாட்டைத் தின்றபடி பார்த்த அதே பார்வை. நல்ல கையின் விரலால் என் கன்னத்தைத் தொட்டு, என்ன என்பதுபோலத் தலையை அசைத்தார்.

“அப்பு, என்ர மனுசன் செத்துப்போனார்” என்றேன். விளங்காதே என்று நினைத்து, கழுத்தில் இருந்த தாலிக்கொடியைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

அவருக்கு விளங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. நெற்றி சுருங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு வெடித்தது. நான் அதுவரை அவரிடம் கேட்டிராத பெரிய சிரிப்பு. மேடையில் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை, அடுத்தவரைத்தான் சிரிக்கவைத்தார். கண்ணில் பயத்தோடு என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கையால் வாயைப் பொத்தினார். பொத்திய கையை மீறி வந்தது. வாயில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம் அப்பு. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் அப்பு.”

அவர் என் கையை நசுங்கும்படி பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. என் கணவரை ஒருநாளும் கண்டிராத மனிதர். அவர் சிரித்து முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் முகத்தைத் துடைத்தேன். ஆறிப்போன கஞ்சியை இரண்டு பேரும் குடித்தோம்.

மாலையில் மகள் வந்ததும் புறப்பட்டேன். இரண்டாம் மாடியில் குடியிருந்த ஜெர்மன் கிழவி, கையில் காய்கறிப் பையோடு படியில் நின்றாள். நல்ல மனுசி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். “இன்றைக்கு அவர் எவ்வளவு சிரித்தார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது” என்றாள்.

“ஓம்” என்று தமிழில் ஆமோதித்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதே எனக்கு நினைவு வரவில்லை. கீழே இறங்கி, கட்டடத்தின் வாசற்படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுதேன். ட்ராம்கள் வந்து வந்து போயின. யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

இலையுதிர் காலத்தில், ஒரு காலை, மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவருக்கு மறுபடி பாரிசவாதம் அடித்தது. இந்த முறை ஒன்றும் செய்ய முடியவில்லை. உடலை மணிலாவுக்குக் கொண்டுபோனாள். அங்கே கொட்டகையொன்றில் பார்வைக்கு வைத்தார்களாம். வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனதாம். பூவோடு வந்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் பெட்டிக்கு முன்னால் வந்து, அவருடைய விளையாட்டில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டிவிட்டு நகர்ந்தார்கள். விரியாத குடை, ஆடும் கதிரை. செய்தவர்களும் அழுதார்கள், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “அங்கே ஜெர்மனியில் அவரை யாருக்காவது தெரியுமா என்று பத்திரிகைக்காரர் கேட்டார்” என்றாள் திரும்பி வந்த மகள். “ஒருத்திக்கு நன்றாகத் தெரியும் என்றேன்.”

இறந்தவருக்கு எங்கள் வழக்கம் முப்பத்தோராம் நாள் பூசை. அவர்களுக்கு நாற்பதாம் நாள். நாற்பது என்று முடிவானது. பூசை சொல்லிவைக்க இரண்டு பேருமாகச் சுவாமியாரிடம் போனோம். அவர் மேசையில் இருந்து, யாருக்காக என்று கேட்டார். மகள் தகப்பனுடைய பெயரைச் சொன்னாள். நான் என் கணவருடைய பெயரைச் சொன்னேன். சுவாமியார் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் கணவருக்காக அவரிடம் நான் பலமுறை பூசை சொல்லியிருக்கிறேன். பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டுத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

“வழக்கம்போலவா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லைச் சுவாமி” என்றேன். “செத்தவருக்கு.”

மகள் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். சுவாமியார் இரண்டு பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார்.